கேமராவைக் கடைசியில் வாங்குங்கள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் பதினோரு மினி டி.வி. கேசட்டுகள். (இந்த டி.வி. தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ.) 2004-இல் தங்கையின் கல்யாணத்தைச் சாக்காக வைத்து வாங்கிய ஹேண்டிகேம் என்ற கையடக்க வீடியோ கேமராவில் எடுத்தவை. அவற்றில் ஒன்றில் பாட்டி கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, பதினாறு வயதில் புகுந்த வீட்டுக்கு வந்த கதையை நாற்பது நிமிடம் சொல்கிறார். படம் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. மூக்குத்தியின் கல் கூடத் தெரிகிறது. பேச்சுதான் கேட்கவில்லை. தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியும், அடுக்களையில் அரைபட்ட தேங்காய்ச் சட்னியும், கேமராவுக்குப் பின்னால் நின்று நான் போட்ட 'உம்'களும்தான் கேட்கின்றன.

அந்தக் கேமராவுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். எத்தனை மடங்கு ஜூம், திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் விசாரித்தேன். வெளி மைக் செருகத் துளை உண்டா என்று ஒரு கடையிலும் கேட்கவில்லை. கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு எப்படி ஏற்றுவது என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியபோது கேமரா வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

குடும்பப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் இன்றும் இதே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் கேமரா, பிறகு கம்ப்யூட்டர், காசு மிஞ்சினால் மைக், சேமித்து வைக்க மேசை இழுப்பறையில் கிடக்கும் பென் டிரைவ். நான் சொல்லப்போவது வேறு வரிசை.

முதல் வேலை: ஒரு தாளும் பேனாவும்

வரும் ஓர் ஆண்டில் எதையெல்லாம் படம் எடுக்க ஆசை என்று எழுதுங்கள். கல்யாணம், வளைகாப்பு போன்ற பெரிய விசேஷங்களை விட்டுவிடலாம். அங்கே எப்படியும் வீடியோக்காரர் வருவார். நீங்கள் பந்தியைக் கவனிக்கலாம். அவரிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள்: வெட்டி ஒட்டாத மூலப் பதிவு முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தரவேண்டும். பாட்டு சேர்த்து, ரோஜாப்பூ பறக்கவிட்டு அவர் தரும் படத்தில் உங்கள் வீட்டு மனிதர்கள் ஒருவருடைய குரலும் இருக்காது.

மிச்சம் இருப்பவைதான் உங்கள் படங்கள். அவற்றைப் பார்த்தால் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். உட்கார்ந்து பேசுகிறவர்கள், வீட்டுக்குள் ஓடுகிறவர்கள், தூரத்து மேடையில் நிற்கிறவர்கள். தாத்தாவின் பேச்சும் பாட்டியின் அதிரசப் பக்குவமும் முதல் வகை. தவழும் குழந்தை, பொங்கலன்று வாசலில் கூடும் பட்டாளம் எல்லாம் இரண்டாவது. பள்ளி ஆண்டு விழாவும் நாட்டிய அரங்கேற்றமும் மூன்றாவது. உங்கள் தாளில் எந்த வகை அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். கையில் இருக்கும் போன் போதுமா, ஹேண்டிகேம் வேண்டுமா என்பதற்கு அந்த எண்ணிக்கையே பதில் சொல்லிவிடும்.

போன் எதுவரைக்கும் வரும்?

முதல் இரண்டு வகைக்குப் போனே போதும். ஹேண்டிகேம் பார்க்கப் பெரிதாக இருப்பதால் உள்ளே படத்தை வாங்கும் சென்சாரும் பெரிதாக இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. சோனியின் தொடக்கநிலை ஹேண்டிகேமான எச்.டி.ஆர்.-சி.எக்ஸ்.405-இன் சென்சார் 1/5.8 அங்குல வகையைச் சேர்ந்தது. இன்றைய நல்ல போன்களின் முதன்மைக் கேமராவில் அதைப் போலப் பல மடங்கு பரப்புள்ள சென்சார் இருக்கிறது. குத்துவிளக்கு வெளிச்சத்திலும், ஒற்றை எல்.இ.டி. பல்பு எரியும் படுக்கையறையிலும் போன் எடுக்கும் படம் தெளிவாக இருக்கும். சிறிய சென்சார் எடுத்தது மணல் தூவியது போல இருக்கும்.

மேடை என்று வந்தால் கதை மாறிவிடுகிறது. அதே சி.எக்ஸ்.405-இல் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்சே நகர்ந்து பெரிதாக்கிக் காட்டும் ஜூம், உண்டு. பள்ளி மைதானத்தில் இருபதாவது வரிசை நாற்காலியிலிருந்து, மரவேடம் போட்டு நிற்கும் உங்கள் பிள்ளையின் முகத்தைத் திரை முழுக்கக் கொண்டுவர அது வேண்டும். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் 'டிஜிட்டல் ஜூம் 350 மடங்கு' போன்ற எண்களை ஒரு பொருட்டாகக் கொள்ளாதீர்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி, பிடித்து இழுத்துப் பெரிதாக்குவது. 'ஆப்டிகல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் மட்டுமே கணக்கு.

ஹேண்டிகேமுக்கு இன்னொரு பலம், நிறுத்தாமல் ஓடுவது. இரண்டு மணி நேர அரங்கேற்றத்தைப் போனில் எடுத்தால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், அல்லது போன் சூடேறி நின்றுவிடும். புகைப்படக் கேமராக்களிலும் பலவற்றில் ஒரு பதிவு 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பதியும் கருவியை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி விதித்ததால் வந்த வழக்கம் அது. அரங்கேற்றத்தில் வர்ணம் ஆடும்போது நடுவில் கேமரா நின்ற கதையைக் கேட்டால் இது சின்ன விஷயமாகத் தெரியாது.

ஆக, தாளில் மேடை நிகழ்ச்சிகள் ஒன்றோ இரண்டோதான் என்றால் ஹேண்டிகேம் வேண்டாம். அந்தப் பணத்தை அடுத்த பத்திகளில் வரும் பொருள்களில் போடுங்கள்.

இரண்டாவது வேலை: ஒலி

மைக் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கூடத்தின் ஒரு மூலையில் கேமரா, மறு மூலையில் பாட்டி என்றால் எந்த விலையுயர்ந்த கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது. சட்டைக் கழுத்திலோ புடவை முந்தானையிலோ குத்தும் காலர் மைக் ஒன்று வாங்குங்கள். கம்பி வைத்தது மலிவு, நம்பகமானது. கம்பியில்லாதது வசதி, ஆனால் சார்ஜ் போட மறந்தால் அன்றைக்குப் பயன்படாது.

கம்பி மைக் வாங்கும்போது அதன் முனையைப் பாருங்கள். உலோகத்தின் நடுவே இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் கேமராவுக்கானது. மூன்று இருந்தால் போனுக்கானது. மாற்றிச் செருகினால் பெரும்பாலும் ஊமைப்படம்தான் கிடைக்கும். 3.5 மில்லிமீட்டர் துளையே இல்லாத போன் என்றால் யு.எஸ்.பி.-சி முனை உள்ள மைக்கைக் கேளுங்கள்.

மைக்குக்கு இப்போது காசு இல்லையா? வீட்டில் கிடக்கும் பழைய போனில் குரல் பதிவுச் செயலியை ஓடவிட்டு, பேசுகிறவரின் மடியிலோ பக்கத்து முக்காலியிலோ வையுங்கள். இரண்டு கருவிகளும் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் அந்தக் கைத்தட்டல் ஒலியையும் கைகள் சேரும் காட்சியையும் ஒன்றாக நிறுத்தினால் குரல் வாயசைவோடு பொருந்திவிடும். பேசுகிறவருக்கு மைக் குத்திய கூச்சமும் இருக்காது.

அடுத்தது வீட்டை அமைதிப்படுத்துவது. மின்விசிறி, மிக்சி, டி.வி. மூன்றையும் நிறுத்துங்கள். சித்திரையில் மின்விசிறி இல்லாமல் எண்பது வயதுக்காரரை உட்கார வைப்பது பாவம். மார்கழிதான் இதற்கு நல்ல மாதம். ஆனால் மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் பாருங்கள். ஜன்னல் அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது. வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டாக விழும்படி நாற்காலியைத் திருப்புங்கள். அரை நிமிடம் பதிந்து, ஹெட்போனில் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான் செய்யாமல் விட்டது அந்த அரை நிமிடத்தைத்தான்.

அப்படியும் ஹேண்டிகேம் வேண்டும் என்றால்

கடைக்காரரிடம் முதல் கேள்வி: மைக் துளை இருக்கிறதா? மேலே சொன்ன சி.எக்ஸ்.405-இல் இல்லை. சோனியின் இன்னொரு ஹேண்டிகேமான எஃப்.டி.ஆர்.-ஏ.எக்ஸ்.43-இல் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளைகள் உண்டு. அதன் லென்சும் சென்சாரும் ஒரே கட்டாக உள்ளே மிதப்பதால் கை நடுக்கம் படத்தில் பெரும்பாலும் தெரியாது. ஜூம் 20 மடங்கு. வீட்டுக்கு அது தாராளம்.

புது ஹேண்டிகேம்கள் கடைகளில் அருகிவிட்டன. பலருக்கும் பழையதுதான் கிடைக்கும். சென்னை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் ஒரு நடை நடப்பீர்கள், அல்லது தெரிந்தவர் யாராவது விற்பார். வாங்குமுன் லென்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவுக்குள் கிடந்த கேமராக்களுக்கு வரும் நோய் அது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். புது பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று அங்கேயே உறுதி செய்யுங்கள். சிறிய டிவிடி வட்டில் பதியும் பழைய கேமராவை யாராவது சும்மா கொடுத்தால் கூட வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவரும் கேமராவில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அங்கே 60. அங்கத்திய கேமரா விநாடிக்கு 30 அல்லது 60 படம் எடுக்கும். நம் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கும். கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்தினால் மினுக்கல் அடங்கிவிடும். ஐபோனிலும் கேமரா அமைப்புகளில் 'பி.ஏ.எல்.' (PAL) என்ற நம் ஊர் டி.வி. முறையைக் காட்டச் சொன்னால் விநாடிக்கு 25 படம் என்ற தேர்வு வரும்.

மெமரி கார்டு பற்றிச் சுருக்கமாக. வி30 என்று அச்சிட்டதை வாங்குங்கள். விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன. 128 ஜி.பி. என்று காட்டும், 8 ஜி.பி.க்கு மேல் எழுதியது எங்கும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதித்துச் சொல்லிவிடும். விசேஷத்துக்கு முந்தின நாளே அதைச் செய்யுங்கள்.

மூன்றாவது வேலை: கம்ப்யூட்டர்

"எடிட்டிங் செய்யப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டுமே?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு பெரியது என்பது படம் எப்படிச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீடியோவை அப்படியே வைத்தால் இடம் கொள்ளாது என்பதால் கேமரா அதைச் சுருக்கித்தான் எழுதுகிறது. எச்.264 பழைய முறை, 2003-இல் வந்தது. சுமாரான கம்ப்யூட்டரும் அதை விரித்துவிடும். எச்.265 என்ற எச்.இ.வி.சி. 2013-இல் வந்தது. அது இன்னும் இறுக்கமாகச் சுருக்கும். விரிக்க அதிக உழைப்பு வேண்டும். உங்கள் பழைய லேப்டாப்பில் போன் வீடியோ தத்தித் தத்தி ஓடுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஐபோனில் கேமரா வடிவத்தை 'அதிகப் பொருத்தம்' (மோஸ்ட் கம்பேட்டிபிள்) என்று மாற்றி, வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர். வீடியோவையும் அணைத்துவிட்டால் எச்.264-இல் எழுதும். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இதற்கு ஒரு பொத்தான் உண்டு. புது லேப்டாப் வாங்குமுன் இந்தக் காசில்லாத வைத்தியத்தைச் செய்து பாருங்கள்.

வாங்குவது என்று முடிவானால், இந்த விரிக்கும் வேலையைச் செய்யத் தனிப் பகுதி கம்ப்யூட்டரின் மூளையான சில்லுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலின் ஏழாம் தலைமுறையிலிருந்து, நிறங்களை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எச்.265 வரைக்கும் அது உண்டு. ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும் சில்லுகளில் வரைகலைப் பகுதியே கிடையாது; தனி கிராபிக்ஸ் கார்டு போட்டாக வேண்டும். மலிவாக டெஸ்க்டாப் சேர்த்துத் தருகிறேன் என்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். 2020-இல் வந்த ஆப்பிளின் எம்1 சில்லும் அதற்குப் பின் வந்தவையும் இந்த வேலையில் கெட்டி.

ரேம் 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. ஃபுல் எச்.டி. மட்டும் என்றால் 8 ஜி.பி.யிலும் ஓட்டலாம். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைத்தே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. வாங்கும் நாளிலேயே யோசியுங்கள். உள்ளே எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் கட்டாயம். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். சேர்த்து வாங்குங்கள். வெட்டி ஒட்டி முடித்த படத்தைக் கம்ப்யூட்டர் கோப்பாக எழுதிக்கொண்டிருக்கும்போது 92 சதவீதத்தில் கரண்ட் போனால் வரும் கோபத்துக்கு மருந்து கிடையாது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மேக் என்றால் ஐமூவி கூடவே வருகிறது. விண்டோசில் முன்பு எல்லாரும் பழகிய மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017-இல் நிறுத்திவிட்டது. இப்போது விண்டோஸ் 11-இல் கிளிப்சாம்ப் இருக்கிறது. நான் புதியவர்களுக்குச் சொல்வது ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இரண்டும் இலவசம். இரண்டிலும் ப்ராக்ஸி என்ற வசதி உண்டு: கனமான படத்துக்கு ஓர் இலேசான நகல் எடுத்து, அதை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலைக் கொண்டு படம் செய்துதரும். பழைய லேப்டாப்பிலும், ஃபுல் எச்.டி.யைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படத்தை வெட்ட முடிகிறதென்றால் இதனால்தான். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு பிரமாதமானது. ஆனால் முதல் படத்துக்கு அது, கொழுக்கட்டை பிடிக்கக் கிரேன் கொண்டுவருவது போல.

எதைத் தேர்ந்தாலும் தலைப்பில் 'பொங்கல்', 'கௌரி', 'ஸ்ரீ' என்று தமிழில் அடித்து ஒரு நிமிடம் சோதியுங்கள். சில மென்பொருள்கள் ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். வேலையெல்லாம் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் வாழ்க்கை வெறுத்துவிடும்.

போனில் எடுத்த நீண்ட பதிவில் போகப் போக உதடும் குரலும் பிரிகின்றனவா? போன் விநாடிக்கு எத்தனை படம் என்பதை நடுநடுவே மாற்றிக்கொள்வதால் வருவது அது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச நிரலில் படவேகம் மாறாதபடி ஒருமுறை மாற்றி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான்காவது வேலை: வைக்கும் இடம்

கணக்கு எளிது. எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட். விநாடிக்கு 24 மெகாபிட்டில் எடுக்கும் ஃபுல் எச்.டி. படம் மணிக்கு ஏறத்தாழ 11 ஜி.பி. பிடிக்கும். 100 மெகாபிட் 4கே என்றால் மணிக்கு 45. பாட்டியின் பேச்சுக்கு 4கே எதற்கு?

ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்குகள் வாங்குங்கள். இரண்டிலும் ஒரே பதிவுகள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ. வெள்ளம் வந்தால் ஒரே பீரோவில் இருந்த இரண்டு பிரதிகளும் ஒன்றாகத்தான் நனையும். கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணில் தொடங்குங்கள்: 2025-01-14 பொங்கல் என்பது போல. தானாக வரிசையில் நிற்கும். ஹேண்டிகேம் கார்டிலிருந்து எடுக்கும்போது எம்.டி.எஸ். என்று முடியும் வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்காமல் முழுக் கோப்புறையையும் அப்படியே நகலெடுங்கள். நீளமான பதிவைக் கேமரா துண்டு துண்டாகத்தான் எழுதியிருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற குறிப்பு வேறொரு கோப்பில் இருக்கும்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இருக்கிறதே என்று அசலை அழித்துவிடாதீர்கள். அங்கே போவது நசுக்கிய நகல். உறவினருக்கு நல்ல பிரதி அனுப்ப வேண்டுமானால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், 2 ஜி.பி. வரைக்கும் குலையாமல் போய்ச்சேரும். பென் டிரைவில் போட்டு டி.வி.யில் பார்ப்பதென்றால் எச்.264-இல் சுருக்கிய எம்.பி.4 கோப்பாக எடுங்கள். பழைய டி.வி.கள் பல, ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது.

பரணில் கேசட் இருப்பவர்களுக்கு

புதுக் கேமரா வாங்குமுன் இதை முடியுங்கள். கேசட் ஓட்டும் கருவிகள் அழிந்துகொண்டிருக்கின்றன. வீடியோ கேசட் ஓட்டும் வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. வி.எச்.எஸ். என்ற பழைய பெரிய கேசட்டின் ஜன்னல் வழியே நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டாதீர்கள்; பூஞ்சை மற்ற கேசட்டுகளுக்கும் பரவும், கருவியின் தலையும் கெடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மினி டி.வி. என்றால், கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் என்ற தனிவகைக் கம்பி வழியாக எடுப்பதே சரியான முறை. அந்தக் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் யு.எஸ்.பி. துளை புகைப்படத்துக்கு மட்டும்தான் உதவும். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃபயர்வயர் கார்டு போட்டால் போதும். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜி.பி. பிடிக்கும்.

நான் நண்பர் வீட்டு டெஸ்க்டாப்பில் பதினோரு கேசட்டையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்றினேன். பாட்டியின் கேசட்டை ஹெட்போன் போட்டு முழுவதும் கேட்டேன். இருபத்தேழாவது நிமிடத்தில் கரண்ட் போகிறது. மிக்சி நிற்கிறது, மின்விசிறி மெல்லச் சுழன்று ஓய்கிறது. கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டி ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். மூன்று நிமிடம், ஒரு சொல் விடாமல் கேட்கிறது. மாமியார் முதல் நாள் கொடுத்த மோரில் உப்பே இல்லை, கேட்கவும் பயமாக இருந்தது என்கிறார். பிறகு கரண்ட் வந்துவிடுகிறது.